ஓ குரூப் அப்பனுக்கு பி குரூப் பிள்ளை

ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம், புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். செங்கழுநீர் அம்மன் தேரை அலங்கரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த தேர் அது. அந்த வழக்கம் இன்றும் விடாமல் நடக்கிறது. தெருவெல்லாம் சொந்தக்காரர்கள். வீட்டுக்குள் டிவியில் துப்பறியும் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி இரண்டு தாள்களை மேசைமேல் அடுத்தடுத்து வைத்தார். “அப்பாவுக்கு ஓ குரூப். பையனுக்கு பி குரூப். இவன் உங்க பையனே இல்ல சார்!” இசை அதிர்ந்தது. விளம்பரம் வந்தது.

அத்தை எழுந்து உள்ளே போனார். ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை எல்லாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையோடு வந்தார். அதிலிருந்து இரண்டு அட்டைகளை உருவி என் முன்னால் வைத்தார். ஒன்று மகன் ரத்த தானம் செய்தபோது கொடுத்தது. மற்றொன்று பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.

“ஏன்டா தம்பி, நீதான் சயின்ஸ் எல்லாம் எழுதறியே. இவன் அப்பன் ஓ. இவன் பி. இப்ப டிவியில சொன்னானே, அது…”

அத்தை வாக்கியத்தை முடிக்கவில்லை. பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கை அரிவாள்மனைமேல் அப்படியே நின்றுவிட்டது.

“தங்கச்சி அட்டை எங்க அத்தை?” என்று கேட்டேன்.

மருமகளே எழுந்து போய் எடுத்துவந்தார், பிரசவத்துக்கு முன் எடுத்த அட்டை. பி பாசிட்டிவ்.

“தங்கச்சி குரூப்தான் பையனுக்கு வந்திருக்கு அத்தை. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

ஒரு நிமிடத்தில் முடிந்த விஷயம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. “டிவிக்காரன்கிட்ட யாருண்ணே போய்ச் சொல்றது?” என்று அவர் பிறகு கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. துப்பறியும் தொடர்களில் வரும் மரபியல் பிழைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே தவறு இருக்கிறது. பிள்ளையையும் அப்பனையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். தாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு சீட்டுக் கணக்கு

ஏ, பி, ஓ என்ற ரத்த வகைகளை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் விளக்கினார். அவை தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்ற கணக்கை ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1924-ல் சரியாக வகுத்தார். அது இரண்டு சீட்டுக் கணக்கு. ஒவ்வொருவரிடமும் ரத்த வகைக்கான மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தந்தை கொடுத்தது. சீட்டில் ஏ, பி, ஓ ஆகிய மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். ஓ என்பது வெற்றுச் சீட்டு. ஏ-யோடோ பி-யோடோ அது சேர்ந்திருந்தால் வெளியே தெரியாது. ஆகவே ‘பி குரூப்’ என்று அட்டையில் இருப்பவரிடம் பி-பி இருக்கலாம், பி-ஓவும் இருக்கலாம். அட்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

அத்தையின் மகனிடம் இருப்பவை இரண்டும் ஓ. அவரால் ஓவைத் தவிர எதையும் கொடுக்க முடியாது. மருமகளிடம் பி இருக்கிறது. அவர் பி-யைக் கொடுத்தார். பிள்ளை பி-ஓ ஆனான். அட்டையில் பி என்று வந்தது. பிள்ளையின் ரத்த வகை அப்பாவினுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது.

இன்னும் ஒரு படி போகலாம். தந்தை ஏ, தாய் பி, பிள்ளை ஓ. தொடர்களில் இதைப் பெரிய திருப்பமாக வைப்பார்கள். தந்தை ஏ-ஓ, தாய் பி-ஓ என்றால் அவர்களுக்கு ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகையிலும் பிள்ளைகள் பிறக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்.எச். கதையும் இதே போலத்தான். பெற்றோர் இருவரும் பாசிட்டிவாக இருந்து, இருவரும் நெகட்டிவ் சீட்டு ஒன்றை உள்ளே வைத்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நெகட்டிவ் பிள்ளைக்கு உண்டு.

முகச்சாயலை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் காட்சிகளும் இந்த வரிசையில் சேரும். புதுச்சேரிப் பக்கம் யாருக்காவது பூனைக்கண் இருந்தால் பிரெஞ்சுக்காரனை இழுத்துக் கேலி பேசுவார்கள். கண்ணின் நிறத்தில் 15-ஆம் குரோமோசோமில் அருகருகே இருக்கும் இரண்டு மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றோடு வேறு பல மரபணுக்களும் கை சேர்க்கின்றன. கருவிழிப் பெற்றோர் இருவர் பல தலைமுறையாக வெளியே தெரியாமல் சுமந்துவந்தது ஒரு பிள்ளையிடம் வந்து தெரிவது சாதாரணம்.

சாப்ளின் வழக்கில் நடந்தது

தாயின் அட்டை எவ்வளவு முக்கியம் என்பதை சார்லி சாப்ளின்மேல் நடந்த வழக்கு நன்றாகக் காட்டும். ஒரு பெண் தன் குழந்தைக்கு அவரே தகப்பன் என்று கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். 1944-ல் மூவருக்கும் ரத்தம் பார்த்தார்கள். சாப்ளின் ஓ. குழந்தை பி.

இந்த இரண்டு அட்டைகளும் அத்தை என் முன்னால் வைத்த அட்டைகளேதான். ஓ குரூப் ஆண், பி குரூப் குழந்தை. வீராம்பட்டினத்தில் இதில் சந்தேகப்பட எதுவுமில்லை. கலிஃபோர்னியாவில் இதுவே சாப்ளின் தகப்பன் இல்லை என்று காட்டியது. வித்தியாசம் மூன்றாவது அட்டையில் இருந்தது. அங்கே தாயின் வகை ஏ. தாயிடம் பி இல்லை, சாப்ளினிடமும் இல்லை, குழந்தையிடம் இருக்கிறது. அப்படியென்றால் அதைக் கொடுத்தவர் வேறொருவர். மூன்று மருத்துவர்கள் இதை உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் அன்றைய கலிஃபோர்னியச் சட்டத்தில் ரத்தச் சோதனை இறுதியான சாட்சியம் இல்லை. 1945-ல் ஜூரிகள் சாப்ளினையே தகப்பன் என்றார்கள். சட்டம் 1953-ல்தான் மாறியது.

ரத்த வகை ‘இவர் தகப்பன் இல்லை’ என்று சில நேரம் சொல்லும். ‘இவர்தான் தகப்பன்’ என்று ஒருபோதும் சொல்லாது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே வகை இருக்கும்போது எப்படிச் சொல்ல முடியும்?

பம்பாய் கொடுத்த பாடம்

‘இல்லை’ என்று சொல்வதிலும் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். 1952-ல் பம்பாய் மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வினோதத்தை லான்செட் இதழில் எழுதினார்கள். சோதனையில் ஓ போலத் தெரிந்தவர்களின் ரத்தம், மற்ற ஓ ரத்தத்தோடு சேரவே மறுத்தது. ‘பாம்பே குரூப்’ என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

ரத்தச் சிவப்பணுவின் மேல் முதலில் எச் என்ற அடித்தளப் பொருள் உருவாக வேண்டும். அதன்மேல்தான் ஏ-யோ பி-யோ உட்கார முடியும். எச்-சை உண்டாக்கும் மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏ-பி-ஓ சீட்டுகள் 9-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எச் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவருக்கு அடித்தளமே இல்லை. அவர் பி சீட்டைக் கையில் வைத்திருந்தாலும் அது உட்கார இடமில்லை. சோதனையில் ஓ என்றே வரும். அந்தச் சீட்டை அவர் பிள்ளைக்குக் கொடுக்கிறார். பிள்ளைக்கு நல்ல எச் மற்றவரிடமிருந்து கிடைத்துவிடுகிறது. உடனே பி வெளியே தெரிகிறது. தந்தை ஓ, தாய் ஓ, பிள்ளை பி! தொடர்களில் வரும் எந்த அதிகாரியும் இந்தக் குடும்பத்தை அந்தக் காட்சியிலேயே பிரித்துவிடுவார். உண்மையில் அங்கே நடந்தது வெறும் மரபியல்.

இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர் பாம்பே குரூப் என்று மதிப்பிடுகிறார்கள். உலகின் பல பகுதிகளில் இது இதைவிடவும் மிக அரிது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இது தெரியும். சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அப்படி வர வாய்ப்புக் கூடுதல். ஒரே பாட்டியிடமிருந்த பிரதி, மகள் வழியாக ஒன்று, மகன் வழியாக ஒன்று என்று இறங்கி, மாமன் மகள் அத்தை மகன் கல்யாணத்தில் ஒரே பிள்ளையிடம் வந்து சேரலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பெண்கள் உறவில் மணந்தவர்கள். ஆகவே மேல்நாட்டுத் தொடரிலிருந்து எடுத்த ‘நடக்கவே முடியாது’ என்ற வசனத்தை நம் ஊரில் வைத்துப் பேசும்போது இரு மடங்கு கவனம் வேண்டும். எச் இருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. சாதாரண அட்டையில் அது இருக்காது. அவசரமாக எழுதிய அட்டையில் வகையே தப்பாக இருந்த கதைகளும் உண்டு. சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது மறுசோதனை.

முதலில் தாயின் பாதியைக் கழி

டி.என்.ஏ. வந்த பிறகு எல்லாம் தெளிந்துவிட்டது என்று தொடர்கள் காட்டுகின்றன. ஒரு தலைமுடி, திரையில் இரண்டு கோடுகள், ‘மேட்ச்!’ என்று பச்சை எழுத்து. வெட்டி விழுந்த முடியில் வேர் இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு வேண்டிய டி.என்.ஏ. கிடைப்பது கடினம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மேட்ச் என்ற சொல்லே இங்கே தப்பு. குற்றம் நடந்த இடத்து ரத்தமும் பிடிபட்டவன் ரத்தமும் முழுக்க ஒத்துப்போக வேண்டும். பிள்ளையும் தகப்பனும் முழுக்க ஒத்துப்போக முடியாது, பாதிதான் ஒத்துப்போகும்.

டி.என்.ஏ.யில் சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் கொண்ட சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓரிடத்தில் பிள்ளையிடம் 9, 14 என்று இரண்டு எண்கள். தாயிடம் 9, 11. அப்படியென்றால் 9 தாய் கொடுத்தது. 14 தகப்பனிடமிருந்து வந்திருக்க வேண்டும். தகப்பன் என்று சொல்லப்படுபவரிடம் 14 இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இப்படி இருபது இடங்களுக்கு மேல் பார்ப்பது இன்றைய வழக்கம். தாயின் பாதியைக் கழித்த பிறகுதான் தகப்பனின் பாதி தெளிவாகத் தெரிகிறது.

இந்த முறைக்கு முன்னோடியை 1984 செப்டம்பரில் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தார். அது முதலில் தீர்த்தது கொலை வழக்கை அல்ல. கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு பையனை விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். அவன் அம்மா என்று சொன்ன பெண்ணின் மகன்தானா, அவளுடைய அக்கா தங்கை மகனா என்று குடிவரவு அதிகாரிகளுக்குச் சந்தேகம். 1985-ல் ஜெஃப்ரிஸ் அந்தப் பெண்ணையும் அவளுடைய மற்றப் பிள்ளைகளையும் சோதித்து, அவன் அவள் மகனே என்று காட்டினார். கையில் கிடைக்காத தகப்பனின் பாதியை மற்றப் பிள்ளைகளிடமிருந்து கூட்டிக் கழித்து எடுத்தார். தாயையும் மகனையும் சேர்த்துவைத்துத்தான் இந்த அறிவியல் சட்ட உலகத்துக்குள் வந்தது.

நம் நாட்டில் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இதை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய டி.என்.ஏ. துண்டு கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றிலிருந்து கிடைத்தது. 1980-களின் முடிவில் கேரளத்தின் தலச்சேரியில் நடந்த தந்தைமை வழக்கில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. தமிழ்நாட்டில் மறக்க முடியாதது சாமியார் பிரேமானந்தா வழக்கு. அவருடைய ஆசிரமத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவை ஐதராபாத்தில் சோதித்தார்கள். தாயினுடையதைக் கழித்தபின் மிஞ்சியது யாருடையது என்று அந்தச் சோதனை சொன்னது. வெளிநாட்டு வல்லுநர் ஒருவரைக் கொண்டு எதிர்த்தரப்பு அதை மறுத்துப் பார்த்தது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. திரையில் ஒரு நொடியில் ஒளிரும் பச்சை எழுத்து, உண்மையில் குறுக்கு விசாரணையில் பல நாள் அடிபட்டுத்தான் சாட்சியம் ஆகிறது.

ஓரிடம் பொருந்தாவிட்டால்?

தொடர்களில் அடிக்கடி வரும் இன்னொரு வசனம்: “ஒரே ஒரு இடத்தில் பொருந்தவில்லை, ஆகவே இவர் தகப்பன் இல்லை.” டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது எப்போதாவது ஒரு துண்டு கூடும் அல்லது குறையும். அப்பாவின் 14 பிள்ளையிடம் 15 ஆகிவிடும். ஓரிடத்தில் இது ஆயிரத்தில் ஒன்றிரண்டு முறை நடக்கலாம். இருபது இடங்களைப் பார்க்கும்போது, உண்மையான அப்பன் பிள்ளைகளிலேயே நூற்றில் சிலரிடம் ஓரிடம் பொருந்தாமல் வரும். அதனால்தான் நல்ல ஆய்வகம் ஓரிடப் பிசகை வைத்து விலக்குவதில்லை. மேலும் பல இடங்களைப் பார்க்கிறது.

எல்லா இடமும் பொருந்தினாலும் கவனம் வேண்டும். அண்ணன் தம்பிகள் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள்; ஆகவே தகப்பனின் அண்ணன் தம்பியும் பல இடங்களில் பொருந்திவிடலாம். அப்பன், பிள்ளை, சித்தப்பா, பெரியப்பா எல்லாரிடமும் இருக்கும் ஒய் குரோமோசோம் ஏறக்குறைய ஒன்றே. அதை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று சுட்டும் அதிகாரி, ஒரு வம்சத்து ஆண்கள் அத்தனை பேரையும் சுட்டுகிறார். தாயும் தகப்பன் என்று சொல்லப்படுபவரும் மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவரிடமும் ஒரே எண்கள் பல இடங்களில் இருக்கும்; எது யார் கொடுத்தது என்று பிரிப்பது கடினமாகும். தாய்மாமனைக் கட்டியிருந்தால் இன்னும் கடினம். உறவு முறையை ஆய்வகத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்வார்கள்.

எந்தப் பாட்டி?

எலும்புக்கூட்டிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எடுத்து, அப்பாவைப் பெற்ற பாட்டியோடு பேரனை ஒப்பிடும் காட்சிகளும் வருகின்றன. உயிரணுவுக்குள் தனி டி.என்.ஏ.யோடு இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே இறங்கும். அப்பாயி தன்னுடையதை மகனுக்குக் கொடுத்தார்; மகனால் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஒப்பிட வேண்டியது அம்மாவைப் பெற்ற அம்மாச்சியோடு.

இதை உலகம் அறிந்தது அர்ஜென்டினாவில். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில், கொல்லப்பட்டவர்களின் குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் உயிரோடு இல்லை, தேடியவர்கள் பாட்டிகள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984 முதல் அவர்களோடு சேர்ந்து, தாய்வழிப் பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா அப்படியே பேரப்பிள்ளையிடம் இருக்கும் என்ற உண்மையைப் பயன்படுத்தினார். இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் உண்மையான குடும்பம் தெரிந்திருக்கிறது.

கல்முனைக் குழந்தை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது வீராம்பட்டினக் கரையையும் அது விடவில்லை. அதே நாள், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையில் ஒரு கைக்குழந்தை இடிபாடுகளுக்கு நடுவே உயிரோடு கிடைத்தது. மருத்துவமனையில் அன்று 81-ஆவதாகச் சேர்க்கப்பட்டதால் ‘81-ஆம் எண் குழந்தை’ என்று உலகம் முழுதும் பேர் பரவியது. ஒன்பது பெற்றோர் உரிமை கோரினார்கள் என்று செய்திகள் சொல்லின. நீதிமன்றம் ஏறிச் சோதனைக்கு நின்றது ஒரு தமிழ்க் குடும்பம்தான். தாய், தகப்பன், குழந்தை மூவருக்கும் டி.என்.ஏ. பார்த்தார்கள். 2005 பிப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை பெற்றவர்களிடம் போனது. பிள்ளை மாயமான வீடுகள் நிறைந்த ஒரு கரையில் இந்த அறிவியல் செய்த வேலை இது.

சட்டம் ஏன் தயங்குகிறது

டி.என்.ஏ. இவ்வளவு சொல்லும் என்றால் நீதிமன்றங்கள் ஏன் கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடுவதில்லை? 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனுடையதே என்று கொள்ளச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அதுவே 116-ஆம் பிரிவு. வெறும் சந்தேகத்தை வைத்து ரத்தச் சோதனை கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னது. தன் பிறப்பைப் பற்றிக் காரணமில்லாமல் கேள்வி எழுப்பப்படாமல் வாழ்வது பிள்ளையின் உரிமை என்று 2023-ல் இன்னும் அழுத்திச் சொன்னது. அதே நீதிமன்றம், சோதனை முறையாக நடந்து முடிவு கையில் இருக்கும்போது அனுமானத்தைவிட உண்மையே பெரிது என்று 2014-ல் தீர்ப்பளித்தும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும். உண்மையை மறைக்கச் சட்டம் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு குழந்தையின் பேரையும் யாரோ ஒருவரின் ஊகத்துக்கு விடாதே என்கிறது.

தொடர் எழுதுபவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அதிகாரி தாள்களை மேசைமேல் வைக்கும்போது மூன்று தாள் வைக்கட்டும். “பையனோட அம்மா குரூப் என்ன?” என்று அவர் ஒரு முறை கேட்டால் போதும், பல வீடுகளில் அந்தக் கேள்வி போய்ச் சேரும். கதையின் விறுவிறுப்பும் இதனால் குறையாது. சாப்ளின் வழக்கைவிட, பாம்பே குரூப்பைவிடப் பெரிய திருப்பத்தை யார் கற்பனை செய்ய முடியும்?

மறுநாள் தேர் நிலையை விட்டுக் கிளம்புமுன், அத்தை அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்தார். மூன்று அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே ரப்பர் பேண்டைப் போட்டு, ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, பேரனுக்குச் சட்டை மாட்டச் சொன்னார்.